மிச்ச உல்லன் நூலுக்கும் ஒரு வரலாறு உண்டு



"ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்றீங்க டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு மாதமாக என்னிடம் ஒரே பதில்தான். வீட்டில் சேர்ந்து கிடக்கும் உல்லன் நூலைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். "நூல் வாங்கிப் பின்னுவாங்க, தெரியும். இருக்கிற நூலைத் தீர்க்கிறது ஒரு வேலையா?" என்று ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி. பதில் சொல்ல 1941-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். வரலாற்று டீச்சரிடம் கேட்டால் அப்படித்தான். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை கிடையாது.

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிரிட்டனில் வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்த ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் ஓர் அறிவிப்பு செய்தார். அன்று முதல் துணிமணிக்கும் ரேஷன். பிரதமர் சர்ச்சிலுக்கே இதில் விருப்பமில்லை. முன்கூட்டிச் செய்தி கசிந்தால் ஜனங்கள் கடைகளை ஒரே நாளில் காலி செய்துவிடுவார்கள் என்பதால் கடைசிவரை ரகசியமாக வைத்திருந்தார்கள். தனிக் கூப்பன் அச்சடித்தால்கூட விஷயம் வெளியே வந்துவிடும் என்று, மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த உணவு ரேஷன் புத்தகத்தின் மார்கரின் கூப்பன்களையே துணிக்கும் செல்லும் என்றார்கள்.

முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். கம்பளித் துணியில் தைத்த ஒரு பெண்கள் உடைக்கு 11 கூப்பன் போய்விடும். பின்னுவதற்கான உல்லன் நூல் 2 அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். 2 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 57 கிராம், இன்று நாம் கடையில் வாங்கும் ஓர் உருண்டை அளவு. போகப்போக கூப்பன் குறைந்தது. போர் முடிந்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. 1945 செப்டம்பரிலிருந்து 1946 ஏப்ரல் வரை 8 மாதத்துக்கும் சேர்த்து 24 கூப்பன்தான், அதாவது மாதத்துக்கு 3. அந்த மூன்றையும் நூலுக்கே கொடுத்தாலும் 170 கிராம்தான் கிடைக்கும். பெரியவர் ஒருவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன 400, 500 கிராம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்வெட்டருக்கு மூன்று மாதம் சட்டை, சாக்ஸ், பாவாடை எதுவும் வாங்காமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் நூலுக்கு எங்கே போனார்கள்? பீரோவுக்குத்தான். ஆனால் பீரோவில் உருண்டை உருண்டையாக நூல் இருந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கே இருந்தவை பழைய ஸ்வெட்டர்கள். பிள்ளைக்குச் சின்னதாகிப் போனது, முழங்கை தேய்ந்தது, போருக்குப் போனவன் விட்டுவிட்டுப் போனது. அவற்றைப் பிரித்தார்கள். 1943-ல் வர்த்தக வாரியம் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு கையேடே வெளியிட்டது. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தை என்பது பொருள். இந்தக் காலத்து மீம் போல 'மிஸஸ் ஸ்யூ அண்ட் ஸ்யூ' என்று ஒரு பொம்மை அம்மாவை வரைந்து போஸ்டர்களில் போட்டார்கள்.

பிரிக்கும் முறை இன்றைக்கும் அதேதான். முதலில் பாகங்களைச் சேர்த்த தையலைக் கவனமாக வெட்டாமல் எடுக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். பின்னி முடித்த நுனி எங்கே என்று தேடி அங்கிருந்து இழுத்தால் வரிசை வரிசையாகச் சரசரவென்று வரும். ஆரம்பித்த பக்கத்திலிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும். வந்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். அதை நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். கம்பளிக்கு அந்தக் குணம் உண்டு. நனைந்து காய்ந்தால் பழைய வளைவை மறந்துவிடும்.

இந்தப் பிரிக்கும் வசதியை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நெய்த துணியை இப்படிப் பிரிக்க முடியாது. பாவும் ஊடையும் ஆயிரக்கணக்கான இழைகள், இழுத்தால் துண்டு துண்டாகத்தான் வரும். பின்னலில் ஒரே நூல்தான் முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிறது. லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த சிவப்புக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக்கும் 5-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. செருப்பு வார் நுழைவதற்காகக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். படத்தில் பார்த்தால் நம் வீட்டுப் பின்னல் போலவே இருக்கும். ஆனால் அது காதுள்ள ஒற்றை ஊசியில் துண்டு நூலைக் கோத்து, முழு நூலையும் ஒவ்வொரு கண்ணி வழியாகவும் இழுத்துச் செய்தது. அதை இழுத்துப் பிரிக்கவே முடியாது. இரண்டு கம்பி வைத்துப் பின்னும் கலை அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வருகிறது. அது வந்த பிறகுதான், உடம்பில் போட்ட உடையைத் திரும்ப நூலாக்கலாம் என்பது சாத்தியமானது.

நான் சொல்ல வருவது இதைத்தான்: ஏழை வீடுகளில் நெடுங்காலம் உல்லன் நூலுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. ஸ்வெட்டர்தான் பெட்டி. நூல் வேண்டுமானால் ஏதாவதொரு உடம்பிலிருந்து கழன்று வர வேண்டும்.

பிரிட்டனின் கடற்கரை மீனவர்கள் போட்ட 'கான்ஸி' என்ற ஸ்வெட்டரைப் பாருங்கள். கறுநீல நூலில் நெருக்கமாகப் பின்னியது. காற்றும் சாரலும் உள்ளே வராது. அதன் கை, மணிக்கட்டிலிருந்து மேலே போகாது. தோளில் கண்ணி எடுத்து மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னிக்கொண்டு வருவார்கள். காரணம் எளிது. வலை இழுக்கிறவனுக்கு முதலில் தேய்வது மணிக்கட்டும் முழங்கையும்தான். தேய்ந்தால் கீழிருந்து அவிழ்த்துக்கொண்டே போய், நல்ல இடம் வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து புதிதாகப் பின்னிவிடலாம். உடல் பாகத்திலும் பூ வேலை பெரும்பாலும் மார்புக்கு மேல்தான், கீழே வெற்றுப் பின்னல். கிழியப்போகும் இடத்தில் எதற்கு வீண் வேலை? அந்தப் பெண்கள் உடையைப் பின்னும்போதே அதைப் பிரிக்கப்போகும் நாளையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

(கடலில் இறந்த மீனவர்களை ஸ்வெட்டரின் பூ வேலையை வைத்து ஊர் அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றும். அதைப் பரப்பியதில் ஜே. எம். சிங் எழுதி 1904-ல் மேடையேறிய ஓர் ஐரிஷ் நாடகத்துக்குப் பெரிய பங்கு. அந்த நாடகத்தில்கூட ஸ்வெட்டர் கிடையாது. தங்கை தன் கையால் பின்னிய காலுறையில் தவறவிட்ட கண்ணிகளை எண்ணி அண்ணனை அடையாளம் காண்கிறாள். ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கவும்.)

அடுத்தது ஷெட்லாண்ட். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, மரம் அதிகம் வளராத, ஆடு நிறைந்த தீவுகள். அங்கே பெண்கள் பின்னிய சால்வை ஒரு மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு மெல்லியது. லண்டன் சீமாட்டிகள் அதைப் போட்டுக்கொண்டு பெருமைப்பட்டார்கள். பின்னியவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது 1872-ல் ஒரு விசாரணை அறிக்கையில் வந்தது. வில்லியம் கத்ரி என்பவர் அரசு ஆணையராக அங்கே போய்ச் சாட்சிகளை விசாரித்தார். லெர்விக் ஊர் வியாபாரிகள் சால்வைக்குக் காசு கொடுப்பதில்லை. பதிலுக்குத் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள், அதுவும் அவர்கள் கடையிலிருந்தே, அவர்கள் சொன்ன விலைக்கு. வீட்டு வாடகைக்குத் தேயிலை செல்லாது. மாவு வாங்கவும் செல்லாது. அதனால் பெண்கள் அந்தத் தேயிலையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றினார்கள். போட்டிருக்கும் துணி நன்றாக இருக்கும், வயிறு காலியாக இருக்கும்.

பலருக்கு நூலும் சொந்தமில்லை. வியாபாரி நூல் கொடுப்பார், இவர்கள் பின்னிக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள், கூலியும் சாமானாகத்தான். சொந்த ஆட்டு ரோமத்தில் நூற்றுப் பின்னியவர்களுக்குச் சால்வையாவது சொந்தம். நம் ஊர்க் கைத்தறி வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தறியில் ஏறியிருக்கும் பாவு யாருடையது என்று கேட்டால் அந்த வீட்டின் பாதிக் கதை தெரிந்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் நூல் என்பது அந்தப் பெண்களுக்கு எட்டாத செல்வம்.

ஷெட்லாண்டுக்கும் ஆர்க்னிக்கும் நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது, ஃபேர் ஐல். மிச்ச நூலைப் பற்றிப் பேசும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. அந்தத் தீவின் ஸ்வெட்டரில் பட்டை பட்டையாகப் பல வண்ணக் கோலங்கள் இருக்கும். ஆனால் எந்த ஒரு வரிசையை எடுத்தாலும் இரண்டே நிறம்தான். ஒரு நூல் முன்னே வரும்போது மற்றது பின்னால் ஓடும். சில வரிசைகளில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது வந்துவிடும். அதனால் ஒரு நிறத்தில் கைப்பிடி அளவு நூல் இருந்தாலே அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். பின்னால் இரண்டாவது நூலும் ஓடுவதால் குளிருக்கும் நல்லது. 1588-ல் ஸ்பானிய அர்மடாவைச் சேர்ந்த 'எல் கிரான் கிரிஃபோன்' என்ற கப்பல் அந்தத் தீவில்தான் உடைந்தது. அந்தக் கப்பல்காரர்கள்தான் இந்தக் கோலங்களைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கதை கட்டினார்கள். ஆதாரம் இல்லை. ஏழைப் பெண்கள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று ஒப்புக்கொள்வதைவிட, கப்பல் உடைந்து ஓர் ஆண்பிள்ளை வந்து சொல்லிக்கொடுத்தான் என்பது சிலருக்குச் சுலபமாக இருக்கிறது.

1922-ல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்ட் ஆனவர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான், உலகம் முழுக்க ஃபேஷன். இருபது வருடம் கழித்துக் கூப்பன் காலம் வந்தபோது அதே ஃபேர் ஐல் பழையபடி சிக்கனத்துக்கு வந்து சேர்ந்தது. பிரித்தெடுத்த நூல் ஒரு நிறத்தில் போதாது, பல நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பட்டை போட்டும் கோலம் போட்டும் பின்னுவதற்கான மாதிரிகளை அன்றைய பெண்கள் இதழ்கள் வெளியிட்டன. ஸ்வெட்டரின் நீளமும் இடுப்போடு நின்றுவிட்டது. பழைய புகைப்படங்களில் அந்தக் குட்டை ஸ்வெட்டரைப் பார்த்து ஸ்டைல் என்று நினைக்கிறோம். நூல் பற்றாக்குறைக்கும் அதில் பங்கு உண்டு.

முதல் உலகப் போரை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். அது நூலைச் சேர்த்த கதை இல்லை, வேகமாகச் செலவழித்த கதை. 1914-ல் மேரி அரசி சிப்பாய்களுக்காக 300,000 ஜோடி காலுறை கேட்டு வேண்டுகோள் விட்டார். பதுங்குகுழித் தண்ணீரில் ஊறி ஊறிக் கால் அழுகிக்கொண்டிருந்தது. காய்ந்த காலுறை மாற்றுவது கிட்டத்தட்ட மருந்து. விரல் நுனியில் தையல் உறுத்தாமல் கண்ணிகளை இணைக்கும் முறைக்கு இன்றும் 'கிச்சனர் தையல்' என்றுதான் பெயர். லார்ட் கிச்சனர் உட்கார்ந்து காலுறை பின்னினாரா என்று கேட்காதீர்கள்.

சரி, இவ்வளவு இறுக்கமாக இருந்த நூல் எப்போது பெட்டி பெட்டியாகச் சேர ஆரம்பித்தது? பிரிட்டனில் துணி ரேஷன் 1949 மார்ச் 15-ல் முடிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் 'ஆர்லான்' என்ற அக்ரிலிக் இழையைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஆடு வேண்டாம், பெட்ரோலியம் போதும். விலை குறைவு, பூச்சி அரிக்காது, எல்லா நிறத்திலும் கிடைக்கும். ஜப்பானில் அசாஹி நிறுவனத்தின் அக்ரிலிக்குக் 'கேஷ்மிலான்' என்று பெயர். நம் ஊரில் அது எந்தக் கம்பெனி அக்ரிலிக்குக்கும் பொதுப் பெயராகிவிட்டது. லூதியானாவிலிருந்து வர்த்தமானும் ஓஸ்வாலும் வந்தன. ஊட்டி, குன்னூர்க் கடைகளில் கண்ணாடி அலமாரி நிறைய உருண்டைகள். உருண்டை மலிவானதும் பிரிப்பது நின்றது. நேரம் செலவழித்துப் பிரித்து, அலசி, காயவைப்பதைவிடப் புதிது வாங்குவது சுலபம். பின்னி முடித்து மிஞ்சிய கால் உருண்டை, அரை உருண்டை எல்லாம் "எதுக்காவது ஆகும்" என்று பெட்டிக்குள் போயின.

இது ஊர் உலகம் எங்கும் நடந்திருக்கிறது. வெளிநாட்டுப் பின்னல்காரர்களிடம் இதற்கு வேடிக்கையான ஒரு சொல் உண்டு, 'சேபிள்'. ஆயுள் முழுக்கப் பின்னினாலும் தீராத அளவு நூல் சேர்ந்துவிட்ட நிலைமை என்பதற்கான ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துகள் அவை. பின்னியதைப் பிரிப்பதற்கும் அவர்கள் சொல் 'தவளை வேலை'. 'ரிப் இட், ரிப் இட்' என்று சொல்லிக்கொண்டே பிரித்தால் தவளைச் சத்தம் மாதிரி கேட்குமாம். 2007-ல் தொடங்கிய 'ராவெல்ரி' என்ற இணையத்தளத்தில் யாரிடம் என்ன நூல் எவ்வளவு கிடக்கிறது என்று பதிவு செய்துவைக்கவே ஏற்பாடு இருக்கிறது. ஷெட்லாண்ட் பெண்ணிடம் போய் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

இனி நம் வீட்டுக் கதை. உறவினர்கள் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும்.

அம்மாவின் இரண்டு டிரங்குப் பெட்டிகளைத் திறந்து சமையலறைத் தராசில் நிறுத்தேன். 3 கிலோ 400 கிராம். அதில் முக்கால் பங்கு கேஷ்மிலான். மீதி அசல் கம்பளி, அதில் பாதி அந்துப்பூச்சி தின்றது. பாச்சை உருண்டை போட்டிருந்தார்கள், ஆனால் அது எப்போதோ கரைந்து வாசனை மட்டும் மிச்சம். கூடவே அப்பாவின் மெரூன் கையில்லாத ஸ்வெட்டர், முன்பக்கம் முழுக்கச் சல்லடை. அதை நான் பிரித்துவிட்டேன். விஷயம் தெரிந்து பெரியண்ணன் போன் செய்தார். "அம்மா கைப்பட்டது. உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?" என்றார். சித்தியும் அதையேதான் கேட்டார்கள். போனில் நான் அதிகம் பேசவில்லை. எழுதினால் கோர்வையாக வரும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணா, பிரிக்கும்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கவாட்டுத் தையலை எடுத்ததும் உள்ளே மடிந்திருந்த ஓரம் தெரிந்தது. வெயிலே படாத இடம். அங்கே நூல் கெட்டி மெரூனாக இருக்க வேண்டும். ஆனால் அங்கங்கே வெளுத்திருந்தது. இரண்டு முழம் கெட்டி நிறம், ஒரு சாண் வெளுப்பு, மறுபடி கெட்டி நிறம். முடிச்சுகளும் அதிகம். புது உருண்டையில் இத்தனை முடிச்சு வராது. அந்த நூல் அப்பாவின் ஸ்வெட்டராக ஆவதற்கு முன் வேறு ஏதோ ஒன்றாக இருந்து, வெயிலில் வெளுத்து, அம்மா கையாலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. 1968-ல் எடுத்த குடும்பப் படத்தில் அம்மா கழுத்துவரை பட்டன் வைத்த ஸ்வெட்டர் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதுவாக இருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியாது. அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். தன்னுடையதைப் பிரித்து அப்பாவுக்குப் பின்னிக் கொடுத்தார்களா, நம்மில் யாருடைய சின்ன ஸ்வெட்டர்களையோ சேர்த்தார்களா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இன்னும் இரண்டு வருடத்தில் பூச்சி மிச்சத்தையும் முடித்திருக்கும்.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு காகிதத்தையும் கிழிக்க மாட்டார்கள். அந்த நியாயம் எனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் பிரிக்கவில்லை. அம்மாவின் சாம்பல் நிறச் சால்வையும் அண்ணனின் முதல் குல்லாவும் பத்திரமாக இருக்கின்றன. ஸ்வெட்டரையும் பிரிக்கும் முன் உள்ளும் வெளியும் படம் எடுத்து, தையலின் உள் ஓரம் தெரிகிற மாதிரி தனியாக இரண்டு படம் எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல நிலையில் தேறிய மெரூன் நூல் 140 கிராம்.

பிரிக்காமல் "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற யோசனையும் வீட்டில் வந்தது. அப்படிக் கொடுக்கும் கம்பளி எங்கே போகிறது என்பதும் வரலாறுதான். 1813-ல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தலை அரைத்து, புது ரோமத்தோடு கலந்து திரும்ப நூற்கும் வழியைக் கண்டார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களின் ஷாடிச் சீருடை மழையில் பிய்ந்துபோய், ஆங்கிலத்தில் மட்டமான எதற்கும் அதுவே பெயராகிவிட்டது. இன்று அந்தத் தொழிலின் தலைநகரம் நம் நாட்டில் இருக்கிறது. 1526, 1556, 1761 என்று மூன்று வருடத்தையும் எழுதி என்னிடம் மார்க் வாங்கிய அதே பானிபட்தான். மேலை நாடுகளில் கழித்த கம்பளி உடைகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குகின்றன. பட்டனையும் ஜிப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். நிறவாரியாகப் பிரித்து வைக்கிறார்கள், அப்படிச் செய்தால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. பிறகு இயந்திரத்தில் கிழித்து, நூற்று, போர்வையாக நெய்கிறார்கள். பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரணத்துக்குப் போகும் மலிவுப் போர்வைகளில் நிறைய அங்கிருந்து போனவை. இப்போது பாலியெஸ்டர் போர்வை வந்து அந்தத் தொழிலையும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அங்கே போனால் யார் பின்னியது என்ற பேச்சுக்கே இடமில்லை, நிறம் மட்டும்தான் கணக்கு. வேறு வழியில்லாத துணிக்கு அது நல்ல முடிவு. அப்பாவின் ஸ்வெட்டருக்கு வேறு வழி இருந்தது.

திருப்பூர்ப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன்: உங்கள் ஊர் பனியனும் பின்னல்தான், ஆனாலும் பிரிக்க முடியாது. 1589-ல் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்த காலத்திலிருந்து பின்னல் வேகம் கூடிக்கொண்டே வந்தது. இப்போது வட்ட இயந்திரத்தில் துணியாகப் பின்னி, அளவுக்கு வெட்டி, தைக்கிறோம். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்துவிடும். இழுத்தால் முழ நீளத் துண்டுகள்தான் வரும்.

நான் என்ன பின்னுகிறேன் என்று கேட்டவர்களுக்கு: ஆறு அங்குலச் சதுரங்கள். மிச்ச நூலுக்கு உலகம் கண்ட மிகப் பழைய வழிகளில் ஒன்று. குரோஷாவில் பலரும் போடும் அந்தப் 'பாட்டிச் சதுரம்' 1885-லேயே அமெரிக்காவின் 'ப்ரெய்ரி ஃபார்மர்' இதழில் வந்திருக்கிறது. 2016 ஜனவரி 31-ல் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுப் பெண்கள் சென்னையில் சதுரம் சதுரமாகச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அதில் கை வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கருத்துப் பகுதியில் வந்து சொல்லுங்கள், டீச்சர் பெருமைப்பட வேண்டும்.

நான் செய்யும் முறை ரொம்ப எளிது. ஓர் உருண்டையைத் தராசில் வைப்பேன். 30 கிராம் என்றால், 15 கிராம் ஆகும்வரை ஒரு சதுரம், மீதியில் அதே நிறத்தில் இன்னொன்று. மெல்லிய நூல் என்றால் இரண்டு இழையைச் சேர்த்துப் பின்னினால் தடிமன் சரியாகிவிடும். கம்பளியையும் கேஷ்மிலானையும் ஒரே போர்வையில் சேர்க்க மாட்டேன். துவைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, போர்வை அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஒரு சாணுக்குக் குறைவான துண்டுகளைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டே வருகிறேன், பூனைக்கு மெத்தை ஆகும்.

மொத்தம் நான்கு போர்வை வரும் என்று கணக்கு. கேஷ்மிலானில் மூன்று, அவை பேரப்பிள்ளைகளுக்கு. யாருக்கு எது என்று சண்டை போடாமல் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிப் போர்வை ஒன்று, நடுவில் மெரூன் சதுரம் ஒன்பது வைத்து, பெரியண்ணனுக்கு. அவர் வேண்டாம் என்றாலும் கூரியரில் வரும். அதைச் சுற்றி ஓரம் பின்னச் சாம்பல் நிறம்தான் எடுப்பாக இருக்கும், ஆனால் பெட்டியில் சாம்பல் 20 கிராம்தான் தேறியது. யார் வீட்டுப் பெட்டியிலாவது 4 பிளை சாம்பல் நிறக் கம்பளி 50 கிராம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பழைய மஃப்ளராக இருந்தாலும் பரவாயில்லை, பிரித்துக்கொள்கிறேன்.